நாலு வாக்குமூலம், ஒரே கையெழுத்து

போன மாசம் எங்கள் யூனிட்டில் ஆயிரத்து இருநூறு பீஸ் டி-ஷர்ட் ஓடியது. சின்ன ஆர்டர்தான், அமெரிக்கப் பார்ட்டி. நெஞ்சில் மூன்று எழுத்து மட்டும் பிரின்ட். செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஏனுங்க, இது என்ன பாஷைங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மெர்ச்சன்டைசர் பையன்தான் சொன்னான்: "கிரேக்க எழுத்துங்க சார். அங்கத்த காலேஜ் பசங்க சங்கத்தோட பேருங்க."

அவன் விவரமானவன். 1776-லேயே வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் 'ஃபை பீட்டா கப்பா' என்று ஒரு ரகசியக் கூட்டம் தொடங்கியதாம். அது பிற்பாடு படிப்பில் முந்துகிறவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக மாறிவிட்டது. அதன் வழியில் முளைத்த மற்றவைதான் இப்போது கல்லூரிக்குக் கல்லூரி இருப்பவை. ஆண்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. பல சங்கங்களுக்குச் சொந்தமாக வீடே உண்டு. படித்து முடித்துப் போன அண்ணன்மார் தம்பிகளுக்கு வேலைக்கு வழி காட்டுவார்கள். ஆனால் சேரும்போது பழையவர்கள் ஆட்டுகிறபடி ஆட வேண்டும். அளவுக்கு மீறிக் குடிக்க வைத்ததில் செத்துப்போன பையன்களும் உண்டு. இந்த மாதிரிச் சம்பவங்களைக் கல்லூரிகள் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் அந்த நாட்டில் சட்டமே வந்திருக்கிறது.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்கை வேர்த்தது. கிரேக்க எழுத்து இல்லாமலே நானும் அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தவன். இன்னும் அதில் இருக்கிறேன். நாங்கள் அதைச் 'செட்டு' என்போம்.

1994-ல் கோவையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனேன். முதல் வாரமே சீனியர்கள் ஒரு தீக்குச்சியைக் கையில் கொடுத்து, வராந்தாவை அளந்து வரச் சொன்னார்கள். முட்டி தேய அளந்தேன். பாதியில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி முதலிலிருந்து அளக்க விட்டார்கள். முடித்ததும் அளக்கச் சொன்ன அண்ணனே வெளியே கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்து, "இனி நீ நம்ம செட்டுடா" என்று தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. அவமானப்பட்ட நினைவே இல்லை. ஊரில் அரை ஏக்கர் மேட்டாங்காட்டுக்காரன் மகன் நான். என்னை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

அடுத்த வருஷம் நாங்கள் சீனியர். பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். எந்த ஊர் என்று கேட்டோம். எந்தத் தெரு என்றும் கேட்டோம். எதற்குத் தெருவைக் கேட்பார்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் செட்டில் இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் ஒரே சாதி என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை.

பாட்டுப் பாடச் சொன்னோம். மாட்டேன் என்றான். எங்களில் ஒருவன் ஓங்கிக் காதோடு சேர்த்து அறைந்தான். நான் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன். நின்றேன் என்று மட்டும் சொன்னால் பொய்யாகும். சிரித்தேன். அவன் காதிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்த பிறகும், மற்றவர்கள் நிறுத்துகிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் வார்டன் விசாரித்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நாலு பேர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாலு வாக்குமூலத்தையும் நானேதான் எழுதினேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று ஒன்றில் 'கால் இடறி' என்றும் ஒன்றில் 'சோப்புத் தண்ணீரில்' என்றும் மாற்றி மாற்றிப் போட்டேன். மற்ற மூவரும் அடியில் பெயரைப் போட்டார்கள். நாலும் ஒரே கையில் எழுதியவை என்று வார்டனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவன் அப்பா வந்தார். மஞ்சப்பையோடு வந்தவர், மகனின் தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நாங்கள் வரிசையாக நின்றிருந்தோம். எங்களைப் பார்த்து, "நல்லாப் படிங்க சாமி" என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பையன் திரும்பி வரவில்லை.

1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே நடுங்கியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எங்கள் ஹாஸ்டலில் என்ன மாறியது? ராகிங் என்ற சொல்லை விட்டுவிட்டு 'இன்ட்ரோ' என்று சொல்லத் தொடங்கினோம். பேப்பரில் நாவரசு படத்தைப் பார்த்த ராத்திரி, எனக்கு அந்தப் பையன் முகம் வந்தது. அவனைத் தேடிப் போகலாம் என்று தோன்றவில்லை. அந்த நாலு தாளும் எங்கே இருக்கும் என்றுதான் தோன்றியது.

இனி, அந்தச் செட்டு எனக்கு என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997-ல் திருப்பூர் வந்தபோது என் கையில் முந்நூறு ரூபாய். செட்டில் ஒருவன் ரூமில் படுக்கப் பாய் கிடைத்தது. இன்னொருவனின் மாமா கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. மூன்றாம் வருஷம் இரண்டு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக் தையல் மெஷின்கள் கடனுக்கு. நிட்டிங்காரர் துணியைக் கொடுத்துவிட்டு, "அவன் சொன்னா சரிங்க" என்று போய்விடுவார். இந்த ஊரில் பேங்க் கேட்கிற அடமானத்தைவிட 'அவன் சொன்னா' பெரிசு. சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் திருப்பூர் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம் போட்டார். கவுண்டர் வீட்டு விவசாயக் கூலிகள் எப்படிப் பனியன் கம்பெனி முதலாளிகளானார்கள் என்பது அதன் விஷயம். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சகோதர மூலதனம்'. ஃப்ரட்டர்னிட்டிக்கும் வேர், சகோதரன் என்று பொருள்படும் அதே சொல்தான். மெர்ச்சன்டைசர் பையனிடம் இதைச் சொன்னேன், சிரித்தான்.

என் மனைவி மகளிர் கல்லூரியில் படித்தவள். அவள் ஹாஸ்டலில் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தோழிகள் திசைக்கொன்றாய்ப் போனார்கள், பாதிப் பேரின் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை. மார்க் ஷீட்டைப் பார்த்தால் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி. அவளுக்குத் துணி கொடுத்துவிட்டு 'அவ சொன்னா சரி' என்று போக யாரும் இருக்கவில்லை.

ஒத்தாசைக்குக் கூலி இல்லாமல் போகுமா? செட்டில் ஒருவன் சாயப்பட்டறை வைத்து எனக்கும் ஒரு சிறு பங்கு கொடுத்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு ரெஜிஸ்டரை எழுதுவது என் வேலை. கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, மழை பெய்கிற ராத்திரிகளில் சாயத்தண்ணியை ஓடையில் திறந்துவிடுவார்கள். காலையில் நான் முத்து முத்தாக எழுதுவேன்: இத்தனை மணி நேரம் ஓடியது, இத்தனை லிட்டர் சுத்திகரித்தது. ஓடை நொய்யலுக்குப் போகும். நொய்யல் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகும். 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணை, சாயத்தண்ணி தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எங்களதும் மூடியது. அன்றைக்கு நான் கவலைப்பட்டது பங்குப் பணத்துக்காக. ஆற்றுக்காக இல்லை.

எனக்கு அந்த ரெஜிஸ்டர் எழுதும்போது கை நடுங்கவே இல்லை. ஹாஸ்டலில் பழகிய கை. காட்டிக் கொடுக்காதவன் என்பதற்காகத்தான் எனக்குப் பாயும் கிடைத்தது, பிளாட்லாக்கும் கிடைத்தது. வேறெந்தத் திறமையையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மகனைக் கல்லூரியில் சேர்த்தோம். ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும், யுஜிசி விதி. எல்லாம் ஆன்லைன், கையெழுத்து அழகுக்கு வேலையில்லை. மகன் போனை நீட்டி, "அப்பா, இதைப் படிச்சுப் பார்த்து ஓகே குடுங்க" என்றான். படிக்காமலே கொடுத்தேன். ஹாஸ்டல் பீஸுக்கு நாற்பதாயிரம் குறைந்தது. அன்றைக்குக் காதோடு அறைந்தவன் இப்போது அவினாசி ரோட்டில் பெரிய யூனிட் வைத்திருக்கிறான். கேட்டதும் ஆள் மூலம் கொடுத்துவிட்டான், நோட்டுகூட எழுதிக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.