பத்தாவது ஆள்

வாட்டர்லூ ஸ்திரீட் என்றால் எங்கள் வீட்டுக்கு ஸ்ரீ கிருஷ்ணன் கோயில்தான். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் நம் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதை வேடிக்கை பார்ப்பேன். அதே தெருவில் பிராஸ் பசா பக்கமாகச் சில நிமிடம் நடந்தால் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருப்பது முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது.

அதன் பெயர் மகேன் அபோத். எபிரேய மொழியில் ‘முன்னோரின் கேடயம்’ என்று பொருள். பாக்தாத்திலிருந்து வணிகம் செய்ய வந்த யூதர்கள் முதலில் சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகே ஒரு கடைவீட்டில் தொழுதார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் சினகாக் ஸ்திரீட் என்றே பெயர். இடம் போதாமல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878ல் புதிய ஆலயம் எழுப்பினார்கள். தென்கிழக்காசியாவின் ஆகப் பழைய ஜெப ஆலயம் இதுதான். 1998ல் தேசிய நினைவுச்சின்னமானது.

யூதர்கள் நமக்குத் தூரத்து மனிதர்கள் அல்லர். வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் போகும் பெலிலியோஸ் ரோடு, ஒரு யூத மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியது. 1955ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் யூதரே.

சென்ற ஆண்டு முன் அனுமதி வாங்கி ஆலயத்தைப் பார்க்கப் போனேன். நடுவில் வேதம் வாசிக்கும் மேடை. ஜெருசலம் இருக்கும் மேற்குத் திசையில் வேதச் சுருள்களை வைக்கும் பேழை. பெண்களுக்கு மேல்மாடம். சுற்றிக் காட்டிய பெரியவர் சொன்ன ஒரு விதிதான் மனத்தில் தைத்தது. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழுமையான கூட்டுத் தொழுகை நடத்த முடியும். ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். பெண்ணான என்னை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிராக் நகரில் சுமார் 1270ல் கட்டிய ஜெப ஆலயத்தில் இன்றும் தொழுகை நடக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் எழுந்த பரதேசி ஜெப ஆலயமும் அழகு குலையாமல் நிற்கிறது. ஒரு காலத்தில் தமிழையும் எழுதிய வட்டெழுத்தில், சேர மன்னன் யூதர்களுக்குத் தந்த ஆயிரம் ஆண்டுப் பழைய செப்பேட்டைக் காத்துவந்த சமூகம் அது. ஆனால் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், அங்கே பத்துப் பேர் சேர வெளியூர்க்காரர்கள் வர வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரிலும் ஜப்பானியர் காலத்தில் யூதர்களைப் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்ததும் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். இருந்தவர்கள் வாராவாரம் வந்தார்கள். அதனால்தான் மகேன் அபோத் அருங்காட்சியகமாகிவிடவில்லை.

வீடு திரும்பும்போது அப்பாவின் தேவாரக் குழு நினைவுக்கு வந்தது. சிராங்கூன் ரோட்டுக் கோயில் ஒன்றில் வெள்ளிதோறும் பாடுவார்கள். அப்பா இருந்தபோது பதினைந்து பேர். அவர் போன பிறகு ஐந்தாகிவிட்டது. அவருடைய நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். “இந்த வாரமாவது வாம்மா.” வானொலியில் நிகழ்ச்சி இருக்கிறது என்பேன். நிகழ்ச்சி ஆறு மணிக்கே முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

கோயில் எங்கே போய்விடப் போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கோயில் போகாது. பாட்டுதான் போகும்.

அந்த வாரம் போனேன். மாமா எதுவும் கேட்கவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டார். புத்தகத்தை என் பக்கம் தள்ளி, பாடிக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தார். மைக் முன்னால் தினமும் பேசுகிற எனக்கு, அன்று குரல் எழும்பச் சற்று நேரமாயிற்று.

இப்போது நாங்கள் ஆறு பேர்.