அழித்து எழுதுவதும் சேர்த்து எழுதுவதும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் வாடையே ஆகாத சொந்தங்கள் நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தவர்களுக்கு மரபுரிமம் நினைவிருக்கும். அடிப்படை இனக்குழுவில் ஒரு செயற்கூறு இருக்கும். தருவிக்கப்பட்ட இனக்குழு அதே பெயரில் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளும். அப்பா பேச்சை மீறலாம். தேவைப்பட்டால் அப்பா பெயரைச் சொல்லி அவரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். கரும்பலகையில் இப்படித்தான் எழுதிப் போட்டேன்.

டிரெய்ட் நம் புத்தகத்தில் இல்லை. 2003-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஸ்மால்டாக் மொழியை வைத்து இதை முன்வைத்தார்கள். பிஎச்பி மொழிக்கு 2012-இல், 5.4 பதிப்பில் வந்தது. டிரெய்ட் அப்பா கிடையாது. வெளியே கற்றுக்கொண்டு வந்த கைத்தொழில் மாதிரி. எந்த வம்சத்துப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம், ஒரே பிள்ளை நான்கைந்தும் கற்றுக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு பிள்ளை படாத பாடு பட்டுவிட்டாள்.

நம் பள்ளியில் படித்தவள்தான். பெயர் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். அங்கே பணக் கணக்கைச் சேமிக்கும் இனக்குழு ஒன்று. அதில் ஒரு டிரெய்ட் சேர்த்திருந்தார்கள். அதிலுள்ள 'சேவ்', யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தணிக்கைக்கு ஒரு வரி எழுதிவிட்டு, பேரன்ட் இனக்குழுவின் 'சேவ்'-ஐக் கூப்பிடும். தொகை சரியா என்று பார்க்க ஒரு சோதனை சேர்க்கச் சொன்னார்கள். இவள் இனக்குழுவுக்குள்ளேயே 'சேவ்' என்று எழுதி, தொகையைச் சோதித்து, கடைசியில் 'பேரன்ட்' என்று கூப்பிட்டாள். வகுப்பில் படித்த மரபுரிமத்தின்படி சரியான முறைதான்.

பிஎச்பியில் இனக்குழுவின் சொந்தச் செயற்கூறுக்கு முதல் மரியாதை. அடுத்தது டிரெய்ட். அதற்கும் அடுத்ததுதான் பேரன்ட். ஆகவே இவள் எழுதியது டிரெய்ட்டை ஓரங்கட்டியது; 'பேரன்ட்' என்ற அழைப்பு டிரெய்ட்டைத் தாண்டி நேரே அப்பாவிடம் போய்விட்டது. கணக்கு ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தணிக்கை வரி மட்டும் இல்லை. ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "சார், புரொபேஷன்லயே அனுப்பிடுவாங்க போல இருக்கு" என்றாள்.

தீர்வு ஒரு வரிதான். டிரெய்ட்டை 'யூஸ்' செய்யும் இடத்தில், 'ஆஸ்' என்ற சொல்லால் அதன் 'சேவ்'-க்கு இன்னொரு பெயர் கொடுக்க வேண்டும். தணிக்கைசேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 'சேவ்' சோதனையை முடித்துவிட்டு அந்தத் தணிக்கைசேவைக் கூப்பிடும். அது தன் வரியை எழுதிவிட்டு அப்பாவிடம் போகும். 'ஆஸ்' பழைய பெயரை எடுத்துவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை, கூடுதலாக ஒரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு டிரெய்ட்டில் ஒரே பெயர் வந்தால் மட்டும் பிஎச்பி சத்தம் போடும். அப்போது 'இன்ஸ்டெட்ஆஃப்' போட்டு எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். இனக்குழுவே மேலெழுதினால் வாயைத் திறக்காது. இந்த மௌனம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஸ்காலாவில் 'சூப்பர்' என்றால் முதலில் டிரெய்ட்டுக்குத்தான் போகும். ரஸ்டிலோ, டிரெய்ட் தரும் இயல்பான செயற்கூறை மேலெழுதிவிட்டால் அந்தப் பழையதைக் கூப்பிட வழியே இல்லை. பெயர் ஒன்று, மொழிக்கு மொழி நடத்தை வேறு.

அவள் அன்றிரவே திருத்தினாள். கூடவே, சேமித்ததும் தணிக்கை வரி வந்ததா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட்டும் எழுதச் சொன்னேன். அந்த டெஸ்ட் முன்பே இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அதை எழுதியிருக்க வேண்டியவர்கள் டிரெய்ட்டை எழுதிய பெரியவர்கள். இதை அவள் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். மேலாளர் பதில் பேசவில்லையாம். ஆனால் அந்த டெஸ்ட் இப்போது அந்த டிரெய்ட் இருக்கும் எல்லா இனக்குழுவுக்கும் ஓடுகிறது. வேலையும் உறுதியாகிவிட்டது.

ரூபியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது 'இன்க்ளூட்', 'பிரிபெண்ட்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கீழே எழுதுங்கள். அவள் படிக்க வேண்டும் என்கிறாள்.