மூன்று குளிர்காலப் புளிப்பு

பிரஸ்ஸல்ஸ் நகரின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆண்டர்லெக்ட் பகுதியில், ஏதோ பழைய கிடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடக்கூடிய ஒரு கட்டடம். 1900-இல் பால் கான்டியோனும் அவர் மனைவி மரி ட்ரோக்கும் தொடங்கிய கான்டியோன் பீர் ஆலை இன்றும் அங்கேதான் நடக்கிறது. அமெரிக்காவிலோ இத்தாலியிலோ புளிப்பு பீர் காய்ச்சுகிற ஒருவரிடம், யாரைப் பார்த்து இந்த வேலையில் இறங்கினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இந்த ஆலையின் பெயர்தான் முதலில் வரும்.

தொழில் தெரிந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் கவனிப்பது அங்கே இல்லாதவற்றை. இந்தக் காலத்து ஆலைகளில் வரிசையாக நிற்குமே, கூம்பு வடிவ எஃகு நொதித்தொட்டிகள், அவை இங்கே இல்லை. ஈஸ்ட்டை வளர்த்து அளந்து ஊற்றும் வழக்கமும் கிடையாது. மர உத்திரங்களில் சிலந்தி வலைகள் கலைக்கப்படாமல் தொங்குகின்றன. வேறெந்த ஆலையாக இருந்தாலும் துப்புரவுப் பணியாளருக்கு அன்றே திட்டு விழுந்திருக்கும். இங்கே சிலந்தியைக் கொல்வதில்லை. கோடையில் செர்ரியும் ஆப்ரிகாட்டும் வந்து இறங்கும்போது பழ ஈக்கள் மொய்க்கும். அந்த ஈக்கள் வினிகர் பாக்டீரியாவைச் சுமந்து வருபவை. பூச்சிமருந்து அடித்தால் அது பீருக்குள்ளும் போகும் என்பதால், ஈ பிடிக்கும் வேலையைச் சிலந்தியிடமே விட்டுவிட்டார்கள்.

இந்த ஆலை காய்ச்சுவது லாம்பிக். பிரஸ்ஸல்ஸும் அதன் தென்மேற்கே உள்ள பாயோட்டன்லாண்ட் கிராமங்களும்தான் அதன் தாய்மண். ஈஸ்ட் சேர்க்காமல், திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டு, தானாகவே நொதிக்கவிடும் பீர். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, குளிர்ந்த மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். கோடைக் காற்றில் வேண்டாத பாக்டீரியா மிகுந்துவிடும் என்பதும், சாறு ஆற நேரமாகும் என்பதும் காரணங்கள்.

ஒரு தடவைக்குச் சுமார் 1,300 கிலோ தானியம் போகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டி உலர்த்திய பார்லி. மீதி முளைகட்டாத பச்சைக் கோதுமை. வழக்கமான பீரில், மாவுச்சத்து முழுவதையும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக மாற்றிவிடத் துடிப்பார்கள். லாம்பிக்கில் அதற்கு நேரெதிர். சூட்டைப் படிப்படியாக ஏற்றும்போதே கலங்கலான சாறைப் பாதியில் வடித்துத் தனியே கொதிக்க வைத்து, மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறாமல் பார்த்துக்கொள்வார்கள். சாதாரண ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கப்போகும் நுண்ணுயிர்களுக்கான தீனி அது. மூன்று வருடம் கழித்துப் பசியெடுக்கப்போகிறவர்களுக்கு இன்று காலையே சமைத்து வைக்கிற முன்யோசனை, லாம்பிக் செய்முறை முழுவதிலும் ஓடுகிறது.

ஹாப்ஸ் பூவும் அப்படித்தான். மற்ற ஆலைகள் புத்தம்புதிய ஹாப்ஸுக்கு விலைபேசிக்கொண்டிருக்க, இங்கே மூன்று வருடம் கிடந்து மணமும் கசப்பும் மங்கிய ஹாப்ஸைத் தாராளமாகப் போடுகிறார்கள். அதன் கசப்பு தேவையில்லை. பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் வேண்டும். அந்தக் கடிவாளம் இல்லையென்றால் புளிப்பு முதல் சில வாரங்களிலேயே தறிகெட்டு ஓடிவிடும்.

பத்தாயிரம் லிட்டர் சாறு பல மணி நேரம் கொதித்து 7,500 லிட்டராகச் சுண்டியதும், மாடியில் கூரைக்கு அடியில் இருக்கும் கூல்ஷிப்புக்கு ஏற்றப்படுகிறது. ஒரு சிறிய அறை அளவுக்கு அகன்ற, ஆழம் குறைந்த செப்புத் தொட்டி அது. சுவரிலும் கூரையிலும் உள்ள திறப்புகளைத் திறந்துவிடுவார்கள். ஆவி எழுந்து உத்திரங்களை நனைக்கும். விடியும்போது சாறு இருபது டிகிரி அளவுக்கு ஆறியிருக்கும்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் மயக்கம். பிரஸ்ஸல்ஸ் காற்றில் மிதந்து வரும் ஈஸ்ட் இந்தத் தொட்டியில் இறங்கிப் பீராக்குகிறது என்ற கதை அவ்வளவு அழகானது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஓர் இரவுக் காற்றுக்கு மொத்தப் பெருமையையும் கொடுப்பது, மற்ற 364 நாளும் நடக்கிற வேலையை மறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் இதே முறையில் காய்ச்சும் ஓர் ஆலையை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை, நொதிப்பை நடத்தும் நுண்ணுயிர்களில் பெரும்பங்கு அந்த ஆலைக்குள்ளேயே குடியிருப்பவை என்று காட்டியது. பிரஸ்ஸல்ஸ் லாம்பிக்கைப் பற்றி 2014-இல் வந்த பெல்ஜிய ஆய்வும் பீப்பாய்ப் பலகைகளின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. ஓக், செஸ்நட் மரப் பீப்பாய்கள் பல, ஒயினோ கோன்யாக்கோ இருந்து வந்தவை. வெந்நீரும் ஆவியும் பாய்ச்சிக் கழுவினாலும், பலகையின் துளைகளுக்குள் போன தலைமுறை நுண்ணுயிர்கள் ஒளிந்திருக்கும். புதிய சாறு உள்ளே விழும்போது அவை விழித்துக்கொள்ளும். ஆகவே கான்டியோனின் சுவை என்று நாம் சொல்வது அந்தக் கட்டடத்தின், அந்த மரங்களின் சுவையும்தான்.

பீப்பாய்க்குள் நடப்பது ஒரு நீண்ட கைமாற்றம். முதல் மாதம் குடல் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை ஆட்டம் போடும். அப்போது முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும். அமிலம் ஏற ஏற அவை அடங்கிப்போகும். பிறகு சாதாரண பீர் ஈஸ்ட் வந்து சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். அதன்பின் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா மெதுவாக லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். நமக்கு அது அந்நியமானதும் இல்லை. 1965-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் இட்லி மாவை ஆராய்ந்தபோது, மாவு புளிக்கும் பிந்தைய கட்டத்தில் தலைகாட்டியது இதே பீடியோகாக்கஸ் குடும்பம். இட்லி மாவுக்கு ஒரு ராத்திரி போதும். லாம்பிக்குக்கு அது பல மாத வேலை.

பீடியோகாக்கஸ் முற்றுகிற வேளையில் பீருக்கு நோய் பிடிக்கும். வேலையாட்களே அதை அப்படித்தான் சொல்கிறார்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் பீர் எண்ணெயாகக் கொழகொழத்து, நூல் இழுத்துக்கொண்டு விழும். முதல்முறை பார்ப்பவருக்கு மொத்தப் பீப்பாயும் கெட்டுவிட்டது என்றே தோன்றும். சாக்கடையில் கொட்டிவிடத் தூண்டும் தருணம் இது. கொட்டக் கூடாது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் அடுத்து வரும். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் 1904-இல் ஆங்கில பீர்களில் அடையாளம் கண்டு பெயர் வைத்த ஈஸ்ட் அது. பெரும்பாலான ஒயின் ஆலைகள் அதைக் கண்டால் அலறும். இங்கேயோ அது அந்தக் கொழகொழப்பை அறுத்து, மிச்சமிருக்கும் மாவுச்சத்துத் துண்டுகளையும் தின்று, ஈரத் தோலையும் வைக்கோலையும் நினைவூட்டும் மணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு கோடை கழிந்து பார்த்தால் பீர் தெளிந்திருக்கும்.

இந்த இடைக்காலத்தில் காய்ச்சுகிறவரின் வேலை சுவைத்துப் பார்ப்பதுதான். பீப்பாயின் மேல்வாயைத் திறந்தால் பீரின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளை ஏடு உடைந்து காற்று உள்ளே போகும். காற்று போனால் வினிகர் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலுர்ஸோ இதற்குப் பரப்பிய வழி இன்று உலகெங்கும் நடப்பில் இருக்கிறது. பீப்பாயின் முகப்புப் பலகையில் மெல்லிய துளை போட்டு, அதில் ஓர் எவர்சில்வர் ஆணியை அடித்து வைப்பார்கள். குறடால் ஆணியை உருவினால் ஊசி பருமனில் பீர் பீறிட்டுக் கிண்ணத்தில் விழும். நாலு மடக்கு சேர்ந்ததும் ஆணியைத் திருப்பிச் செருக வேண்டியதுதான். முதலில் மூக்கு. நகப்பூச்சு நெடி தூக்கலாக இருந்தால் அந்தப் பீப்பாயின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். தொண்டையைக் காந்தும் வினிகர் புளிப்பு என்றால் அது பெரும்பாலும் கைவிட்டுப் போனது. நாக்கின் ஓரங்களில் எலுமிச்சை போல நின்று, விழுங்கியதும் விலகிவிடும் புளிப்புதான் தேடுவது. ஒரே நாள் காய்ச்சி, ஒரே இரவு ஆறி, பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் ஊற்றிய சாறு, இரண்டு வருடம் கழித்து இரண்டு ஊர்ப் பீராக ருசிக்கும். எதனால் என்று எந்தக் காய்ச்சுபவராலும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

லாம்பிக் தொழிலின் உண்மையான கைத்திறன் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இன்று ஆலையை நடத்தும் ஜான் வான் ரோய், கியூஸ் என்ற கலவை பீரைச் சேர்க்க உட்காரும்போது பத்துப் பீப்பாய்களையாவது சுவைத்து ஐந்தாறைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகள் சேர்ந்ததே கியூஸ். மூத்தது மணமும் ஆழமும் தரும்; ஆனால் அதில் சர்க்கரை மிச்சமில்லை, நுரையும் வராது. இளையதில் சர்க்கரை உண்டு. பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைக் கொடுப்பது அதுதான். இளையது அதிகமானால் நுரையின் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். மூத்தது அதிகமானால் தட்டையாகிப்போகும். இந்த நிதானத்தை அளவுமானி சொல்லும். எந்தப் பீப்பாயின் முரட்டுத்தனத்தை எந்தப் பீப்பாயின் மென்மை சமன் செய்யும் என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும்.

கலப்பதே ஒரு முழுத் தொழில் என்பதற்கு வரலாறே சாட்சி. கான்டியோன் தொடக்கத்தில் காய்ச்சவே இல்லை. மற்ற ஆலைகளின் லாம்பிக்கை வாங்கிப் பழுக்க வைத்துக் கலந்து விற்றது. 1930-களின் பிற்பகுதியில்தான் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது. 2011-இல் முதல் கியூஸை வெளியிட்ட டில்கான் நிறுவனமும் வெவ்வேறு ஆலைகளின் சாறை வாங்கிக் கலந்துதான் தொடங்கியது. பேர்செல் ஊரின் அர்மான்ட் டெபெல்டர் கதை இன்னும் கனமானது. 2009-இல் அவருடைய ட்ரீ ஃபொன்டெய்னென் கிடங்கில் வெப்பநிலைக் கருவி பழுதாகி, சூடு ஏறிக்கொண்டே போனது. பாட்டில்கள் வெடித்தன; பல்லாயிரம் பாட்டில் கியூஸ் விற்கத் தகுதியற்றுப் போயிற்று. நண்பர்கள் திரண்டு வந்து பாட்டில்களைத் திறந்து ஊற்ற, அந்தப் பீரை வடித்து மதுசாரமாக்கி விற்றார். சில ஆண்டுகள் காய்ச்சுவதையே நிறுத்திவிட்டு, மற்றவர்களின் லாம்பிக்கைக் கலந்தே ஆலையைக் காப்பாற்றினார். அந்த ஆண்டுகளிலும் அவர் கலவையைத் தேடி வாங்கினார்கள் என்றால், அவர்கள் வாங்கியது அந்த நாக்கைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தொழில் அழிகிற நிலைக்கு வந்தது. குளிர்பான இனிப்புக்குப் பழகிய மக்களைப் பிடிக்க, பல ஆலைகள் சர்க்கரை சேர்த்த லாம்பிக்குக்கு மாறின. கான்டியோன் குடும்பத்து மருமகன் ஜான்-பியர் வான் ரோய் மாறவில்லை. பீர் விற்று மட்டும் பிழைக்க முடியாது என்று கண்டு, 1978-இல் ஆலையையே கியூஸ் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். இன்று பார்வையாளர் நுழைவுச் சீட்டு வாங்கி, வேலை நடக்கும் இடத்துக்குள்ளேயே நடந்து திரிவது அந்த முடிவால்தான். அவர் மகன் காலத்தில் நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்ததால் சில தடவை காய்ச்சுவதையே கைவிட நேர்ந்தது. இயந்திரம் வைத்துக் குளிரூட்ட வழியிருந்தும் அவர்கள் காத்திருந்தார்கள். அது பிடிவாதம் என்பவர்கள் உண்டு. சரியான பிடிவாதம்.

இப்போது உலகெங்கும் சிறு ஆலைகளில் கிடைக்கும் புளிப்பு பீரில் பெரும்பகுதி வேறு வழியில் வருகிறது. சாறை வெதுவெதுப்பாக வைத்து லாக்டோபேசில்லஸைச் சேர்த்தால் ஒன்றிரண்டு நாளில் புளித்துவிடும். பிறகு கொதிக்க வைத்து பாக்டீரியாவைக் கொன்று, சாதாரண ஈஸ்ட்டால் நொதிக்க வைத்தால் ஒரு மாதத்துக்குள் கடைக்குப் போய்விடும். வெயில் நாளில் அது நல்ல பானம். அதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் புளிப்பு ஒற்றை வரியாக நிற்கும். மூன்று வருடத்தில் நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுச்செல்லும் அடுக்குகள் அதில் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே விலையும் போடும்போது, காத்திருந்தவருக்கு அநியாயம் நடக்கிறது.

சுற்றிப்பார்த்து முடித்தால் கீழே கவுண்ட்டரில் ஊற்றித் தருவார்கள். இளம் லாம்பிக் கிடைத்தால் அதை முதலில் குடிப்பது நல்லது. நுரையே இல்லாமல், மங்கலாக, பாதிவழியில் நிற்கும் பீர் அது. அதைக் குடித்தபின் கியூஸைக் குடித்தால், பாட்டிலுக்குள் கழிந்த காலம் என்ன செய்தது என்று வாயே சொல்லிவிடும். பிறகு கிரீக்: ஒரு லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரி ஊறியது. செர்ரியின் கொட்டையிலிருந்து இறங்கிய லேசான பாதாம் வாசனையைக் கவனிக்க வேண்டும். பாட்டில் வாங்கி வருகிறவர்கள் கியூஸைக் குளிர்ந்த இருட்டறையில் படுக்க வைத்தால் இருபது வருடம்கூடத் தாங்கும். கிரீக்கையும் ஆப்ரிகாட் போட்ட ஃபூ ஃபூனையும் அப்படிச் சேமிக்கக் கூடாது. முதலில் மங்குவது பழத்தின் மணம்தான் என்பதால், அவற்றை வாங்கிய வருடத்திலேயே திறந்துவிட வேண்டும்.