எவ்வளவு ஆழம் வெட்டுவது

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு போவேன். இருட்டு விலகும் முன்பே முதல் மரத்தில் உளி வைத்துவிடுவார். வெயில் ஏறிய பிறகு அதே மரத்தை அதே கை வெட்டினாலும் பால் குறைந்துவிடும். பட்டையை முழுக்கச் சீவ மாட்டார். கட்டையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைப்பார். பால் நிறைய ஓடுவது அந்த உள்பட்டையில்தான். அதை நெருங்காவிட்டால் பால் வடியும் மங்கு நிறையாது. கொஞ்சம் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டாலோ மரத்துக்குக் காயம். ஆறிய பிறகும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக நிற்கும், மறுபடி அங்கே உளி ஓடாது. காயம் பட்ட மரத்தருகே அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்.

எங்கள் ஊரான தஞ்சோங் ரம்புத்தானில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் முப்பது ஆண்டுகளாக வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தை வைத்துப் பேசி வருகிறேன். அதில் 31 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்று மாதம் முழுக்க வாசிக்கும் பழக்கம் எங்கள் மக்களிடம் உண்டு, நானும் அப்படித் தொடங்கியவன்தான். வசனங்கள் சீக்கிரமே மனப்பாடமாகிவிட்டன. நம் மக்களுக்கு இது பழகிய நடைதான். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் கேட்டு வளர்ந்த காது சாலமோனின் இரண்டு வரிகளை உடனே பிடித்துக்கொள்ளும். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1708இல், உலகநீதியையும் கொன்றை வேந்தனையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். வந்த இடத்தின் நீதியை முதலில் உட்கார்ந்து கேட்டவர் அவர். அந்தப் பொறுமை எனக்கு வர வெகு காலம் ஆயிற்று.

எங்கள் ஊர்ப் பெயரை மலேசியாவில் ஏளனத்துக்குச் சொல்வார்கள். யாராவது கொஞ்சம் தடுமாறிப் பேசினால், 'இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்பது பல காலத்துப் பேச்சு. 1911இல் இங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையால் வந்த பேச்சு அது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை அந்தக் கேலியைச் சொன்னால் பாடத்தை அப்படியே நிறுத்திவிடுவேன். 31ஆம் அதிகாரத்தில் லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொல்கிற புத்தியில், பேச முடியாதவனுக்காக நீ வாயைத் திற என்று ஒன்று உண்டு. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அந்த மருத்துவமனைக்கு மகனைப் பார்க்க வெளியூரிலிருந்து ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றப் போனார். மகன் அன்று அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றார். நான் உடனே 17ஆம் அதிகாரத்துக்குப் போனேன். மனமகிழ்ச்சி நல்ல மருந்து என்று வருகிறதே, அதை எடுத்து விளக்கினேன். குரலைக்கூடச் சற்று உயர்த்தியிருப்பேன். அக்கா மூடியைத் திரும்பத் திருகி மூடினார். "நேரமாச்சு தம்பி, பஸ்ஸு போயிரும்" என்று எழுந்தார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அன்றிரவு 25ஆம் அதிகாரத்தில் என்னையே பார்த்தேன். துக்கப்படுகிறவனுக்கு முன்னால் பாட்டுப் பாடுகிறவன், குளிர் நாளில் ஒருவனுடைய துணியை உருவுகிறவனைப் போலாம். எத்தனை முறை வாசித்த இடம்! நான் சொன்ன வசனத்தில் பொய் இல்லை. அதே புத்தகம், அதே சாலமோன். உளி கட்டையில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். அடுத்தடுத்த முறை அந்த அக்காவோடு உட்கார்ந்தபோது வேதாகமத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மகன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று மட்டும் கேட்டேன்.

26ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனமும் ஐந்தாம் வசனமும் ஒன்றை ஒன்று மறுக்கின்றன. மூடனுக்கு அவன் போக்கில் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று. சொல் என்கிறது மற்றது. பிழை என்று நினைத்து இதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. தொகுத்தவர்களுக்குக் கண் தெரியாமல் போகவில்லை. தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எதிரே நிற்கிறவன் யார், இப்போது என்ன நேரம் என்று நீ பார்த்தாக வேண்டும். அதே அதிகாரத்தில், குடிகாரன் கையில் ஏறிய முள்ளைப் போல மூடன் வாயில் நீதிமொழி என்றும் வருகிறது. அதை வாசித்த பிறகு வாயைத் திறக்கக் கொஞ்சம் பயம் வர வேண்டும். எனக்கு வருகிறது.

போன ஆண்டு எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் ஈப்போவிலிருந்து வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். கூட வேலை செய்கிற நண்பனின் மோட்டார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்களாம். நீதிமொழிகளில் இதற்கு விடை வெளிச்சமாக இருக்கிறது: 6ஆம் அதிகாரம், பிறனுக்காகப் பிணைப்பட்டிருந்தால் தூங்காதே, வேடன் கையிலிருந்து தப்பும் மானைப் போல ஓடு என்கிறது. சொல்லி அனுப்பியிருக்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான் அனுப்பியிருப்பேன்.

"மாசம் எவ்வளவு கட்டணும் தெரியுமா?"

தெரியாது என்றான். நண்பன் கட்டாமல் போனால் நீ கட்டுவாயா என்றேன். முடியாது, அம்மா மருந்துக்கே இழுபறி என்றான். நண்பன் கெட்டவனா? இல்லை அண்ணே, நல்லவன், போன மழையில் என் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அவன்தான். இங்கே 3ஆம் அதிகாரமும் எழுந்து நின்றது: செய்ய உனக்குத் திராணி இருக்கும்போது நன்மையைத் தடுக்காதே. நான் இரண்டையும் அவனிடம் வைத்தேன். முடிவு சொல்லவில்லை. வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

கையெழுத்துப் போடவில்லை. முன்பணத்துக்குத் தன்னால் முடிந்ததைத் திரும்பக் கேட்காத பணமாகக் கொடுத்தான். நண்பன் வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது பையனுக்கு இன்னும் வலிக்கிறது. கூட்டம் முடிந்ததும் நானும் அவனும் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிறோம். சில வாரம் அவனாகப் பேசுவான், சில வாரம் பேசமாட்டான்.