நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்

தோழர்களே, இந்தக் கட்டுரையை நாங்கள் ஐந்து வருடம் தாமதமாக எழுதுகிறோம். தாமதத்துக்குக் காரணம் பயமா, சோம்பலா, வெட்கமா என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

2019 ஐப்பசி. விடாத மழை. எங்கள் பெரியப்பாவுக்கு அப்போது 58 வயது. பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடியற்காலை வேலைக்குப் போனவர் ஏழு மணிக்கே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு அடைக்கிறது, இடது கை கடுக்கிறது, சட்டையெல்லாம் வியர்வை. மழைக்குளிரில் ஒரு மனுஷன் வியர்க்கிறான் என்றால் அது என்ன என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. பெரியம்மா ஓமத்தண்ணி கொடுத்தார். “வாய்வுதான்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கடைத்தெருவில் ஒருவர் இடுப்பில் ஒரு ஊசி போட்டு எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். 108-ஐக் கூப்பிடும்போது மணி ஒன்பதரை.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். இரண்டரை மணி நேரத்தை நாங்களே தின்றுவிட்டோம். மருத்துவமனையைக் குறை சொல்வதற்கு முன்பு இதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்த அரசு மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவசரப் பிரிவில் நாங்கள் நுழைந்தபோது ஒரு விபத்துக் கேஸ் வந்திருந்தது. டாக்டர் அங்கே. செவிலியர் ஒருவர் எங்களைப் பார்த்ததும், “நெஞ்சு வலியா? உடனே ஈ.சி.ஜி. எடுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு ரத்தம் கட்டப் போனார். நெஞ்சு வலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அவர் அதைத்தான் செய்தார்.

ஈ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஊர் பேரைக் கேட்டார். சொன்னோம். “ஊரா, காலனியா?” என்றார். சொன்னோம். அதற்கப்புறம் அவர் பெரியப்பாவின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். நான்கு கிளிப்புகளை எங்கள் கையில் கொடுத்தார். “நீங்களே மாட்டுங்க. அழுக்கா இருக்காரு பாருங்க. துடைச்சிட்டு கையில ரெண்டு, கால்ல ரெண்டு.” நெஞ்சில் ஒட்ட வேண்டிய ஆறையும் எங்களையே வைக்கச் சொல்லி விரலால் காற்றில் இடம் காட்டினார்.

நாங்கள் மாட்டினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. படுத்திருப்பவரின் வலது எது, நமக்கு எதிரே தெரியும் வலது எது என்று கை நடுங்குகிற நேரத்தில் யாருக்குப் புரியும்? தாள் வெளியே வந்தது. அதைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

இந்த இடத்தில் 1929-க்குப் போய்த் திரும்ப வேண்டும். அண்ணல் அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் அந்த ஆண்டு டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியானது. அதை அண்ணல் தன் நூலில் எடுத்துக் காட்டுகிறார். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் கட்டணம் பேசி, சேரிக்கு வெளியே அந்தப் பெண்ணைக் கொண்டுவரச் செய்கிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்கிறார். மருந்து வருகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறாள்.

முதுகலை வகுப்பில் இதை நாங்கள் படித்திருக்கிறோம், தேர்வும் எழுதியிருக்கிறோம். அன்றைக்கு அந்த நான்கு கிளிப்புகளைக் கையில் வாங்கியபோது அது எங்கள் நினைவுக்கே வரவில்லை. கொடுத்ததை வாங்கி மாட்டினோம். இத்தனை வருடப் படிப்பும் வேலையும் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போயிற்று?

நான்கைந்து நிமிடத்தில் அந்தச் செவிலியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை எடுத்தார். எடுத்த உடனே நெற்றி சுருங்கியது. “முதல் லீட் தலைகீழா இருக்கே. இதை யார் மாட்டினது?”

“நாங்கதான் சிஸ்டர்.”

“நீங்க ஏன் மாட்டினீங்க?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், தள்ளி நின்ற ஆளைப் பார்த்தார், மறுபடி எதுவும் கேட்கவில்லை. பெரியப்பாவின் நெஞ்சை வெறும் கையால் துடைத்தார். விலா எலும்புகளை விரலால் தடவி எண்ணி, நான்காவது இடைவெளி, ஐந்தாவது இடைவெளி என்று ஒவ்வொன்றாக வைத்தார். வலது கையில் சிவப்பு, இடது கையில் மஞ்சள். “அப்பா, மூச்சை இழுத்துப் பிடிக்க வேணாம். சாதாரணமா விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்.” இரண்டாவது தாளைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ஈ.சி.ஜி.யில் வலக் கை கிளிப்பும் இடக் கை கிளிப்பும் மாறிவிட்டால் படம் தப்பாக வரும். இருக்கிற நோயை மறைக்கலாம், இல்லாத நோயைக் காட்டலாம். தீண்டாமை மனசைப் புண்படுத்தும் என்று நாம் மேடையில் பேசுகிறோம். அது நோயைத் தப்பாகக் கண்டுபிடிக்கவும் வைக்கும் என்பதை அந்தத் தாளில் கண்ணால் பார்த்தோம்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்பு அந்தச் செவிலியர் கேட்ட கேள்வி ஒன்று. “காலையில எங்கயாவது ஊசி போட்டீங்களா? எந்த இடத்துல?” கடைத்தெரு ஊசியை நாங்கள் மறைக்கப் பார்த்தோம். அவர் விடவில்லை. கட்டி கரைக்கும் மருந்து உடம்பில் இருக்கிற எல்லாக் கட்டியையும் கரைக்கும். தசையில் ஊசி குத்திய இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். அவர் அந்த இடத்தை அரை மணிக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ரத்த அழுத்தம் சரிகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார். ஈறு, மூத்திரம், கண் எல்லாவற்றையும் பார்த்தார்.

பகல் பன்னிரண்டரை இருக்கும். பெரியப்பா பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். கண் மேலே சொருகியது. மானிட்டரில் கோடு கிறுக்கலாக ஓடியது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். இதயம் துடிக்காமல் சும்மா நடுங்கும் நிலை. ரத்தம் எங்கும் போகாது. இந்த நிலையில் மின்னதிர்ச்சி தர ஒரு நிமிடம் தாமதமானால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டாக்டர் அறையில் இல்லை. செவிலியர் ஒரு கையால் கர்ட்டனை இழுத்தார், “எல்லாரும் தள்ளுங்க” என்றார், ஷாக் கொடுத்தார். கொடுத்த கையோடு கட்டில்மேல் முழங்கால் போட்டு ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். டாக்டர் ஓடி வரும்போது பெரியப்பா இருமினார்.

பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். 1960-களின் தொடக்கம் வரைக்கும் மாரடைப்பு நோயாளிகளை மருத்துவமனையின் ஏதோ ஒரு மூலையில் படுக்க வைத்திருந்தார்கள். பத்தில் மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். 1961-இல் எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன் இவர்களை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாமல் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். பிலடெல்பியாவில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் மெஷினை வாங்கி வைத்தது மட்டும் உயிரைக் காப்பாற்றவில்லை. டாக்டருக்காகக் காத்திராமல், பக்கத்தில் நிற்கும் செவிலியரே துடிப்பின் படத்தைப் படிக்கலாம், அவரே ஷாக் கொடுக்கலாம் என்று அதிகாரம் கைமாறியபோதுதான் சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அறிவையும் அதிகாரத்தையும் மேல்படியில் பூட்டி வைத்தால் கீழ்படியில் ஆள் சாவான் என்பதற்கு இதைவிட நல்ல சமூகவியல் பாடம் எங்களுக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை.

அந்தச் செவிலியர் தொகுப்பூதியப் பணியாளர். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தாராம். அன்றைக்கு அந்த வார்டுக்கு இரண்டே செவிலியர்கள். அவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவரும் எங்களைக் கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அவர் பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு மாத்திரையாகக் கையில் கொடுத்தார். “இந்த ரெண்டும் ரத்தம் உறையாம இருக்க. உடம்பு நல்லாயிருக்குன்னு ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. தீர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே வந்து வாங்கிக்கணும். இது நாக்குக்கு அடியில வைக்கிறது. வலி வந்தா உட்கார வச்சிட்டு வைங்க, நிக்க வச்சு வைக்காதீங்க, தலை சுத்தி விழுந்துருவாரு. அஞ்சு நிமிஷத்துல வலி போகலன்னா 108.” அப்புறம் பெரியம்மாவின் விரலைப் பிடித்துப் பெரியப்பாவின் மணிக்கட்டில் வைத்தார். “நாடி எப்படி இருக்கு?”

பெரியம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரு மாத்தி மாத்தி நெல்லு குத்தற மாதிரி இருக்கும்மா.”

“அதேதான். தினமும் காலையில பாருங்க. உலக்கை தப்பித் தப்பி விழுந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.”

எட்டு மாதம் கழித்து ஒரு காலை பெரியம்மா சொன்னார், “உலக்கை தப்பி விழுது.” பெரியப்பாவுக்கு வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. எங்களுக்கே நம்பிக்கை இல்லாமல்தான் போனோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும். ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வராமல் தடுக்க வார்ஃபரின் கொடுத்தார்கள். படித்த நாங்கள் யாரும் கண்டுபிடிக்காததை எழுத்தறியாத பெரியம்மாவின் விரல் கண்டுபிடித்தது. ஒரு செவிலியர் ஒதுக்கிய பத்து நிமிடம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

அதோடு சிரமம் தீரவில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். மாத்திரையின் விலை சொற்பம். பரிசோதனைக்கோ நாங்கள் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது, ஒரு நாள் கூலியும் போயிற்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் வந்தபின் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இரண்டும் நல்ல விஷயங்கள், வரவேற்கிறோம். இதோடு ஐ.என்.ஆர். பரிசோதனையும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு வார்டுக்கு இரண்டு செவிலியர் என்ற நிலை மாற வேண்டும். தொகுப்பூதியம் நிரந்தர ஊதியமாக வேண்டும். செவிலியர் கோரிக்கை அவர்கள் சங்கத்தின் பிரச்சினை என்று இதுவரைக்கும் நாம் ஒதுங்கி இருந்திருக்கிறோம். தனியாருக்குப் போக முடியாமல் அந்த வார்டில் படுத்திருப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அது நம் கோரிக்கையும்தான்.

இப்போது தாமதத்தின் காரணத்துக்கு வருகிறோம். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. எங்களுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். கிராமம் கிராமமாகப் போய் வகுப்பு எடுத்திருக்கிறோம். ஆனால் அந்த ஆள்மீது நாங்கள் புகார் எழுதவில்லை. பெரியப்பா உள்ளே படுத்திருக்கிறார், வெளியே வந்ததும் எழுதலாம் என்றோம். வந்தபின், சாட்சி சொல்லக்கூடியவர் அந்தச் செவிலியர் ஒருவர்தான், அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்றோம். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. அவருக்காகப் பயப்பட்டதாக நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், மாதாமாதம் அதே மருத்துவமனைக்குத்தானே மாத்திரைக்குப் போக வேண்டும் என்ற பயம் எங்களுடையது.

பெரியப்பா இருக்கிறார். பீடியை விட்டுவிட்டார். பெரியம்மா தினமும் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அவரிடம் கற்றுக்கொண்டு எங்கள் தெருவில் பதினோரு பெண்கள் நாடி பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் நெஞ்சை அழுத்தும் முறையையும் கற்றுக்கொண்டோம். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம். அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. தொடத் தயங்காத இரண்டு கை போதும்.

மாணவத் தோழர்களே, இனி உங்களில் யாராவது ஒருவர் கையில் அந்தக் கிளிப்புகளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். “நீங்கதான் மாட்டணும்” என்று சொல்லுங்கள். பெயரை, நேரத்தை, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அது.

ஜெய் பீம்.