செங்கண்

எங்கள் மாதாந்திர வாசிப்புக் கூடுகையில் சென்ற முறை குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொல்லும் பகுதியை நண்பர் ஒருவர் உரக்கப் படித்து முடித்தபோது அறையில் சற்றுநேரம் அமைதி நிலவியது. பிறகு இன்னொருவர் மெல்லக் கேட்டார்: “இவற்றில் நேரில் கண்டால் பெயர் சொல்லத் தெரிந்தவை நமக்கு எத்தனை?” ஐந்து பேரும் சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டைத் தாண்டவில்லை. கல்லூரிக் காலம் தொட்டுக் குறிஞ்சித் திணையைப் பற்றிப் பேசிவரும் நாங்கள் மலைக்காட்டில் ஒரு முழுநாள்கூடக் கழித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கூச்சத்தில் பிறந்தது பயணத் திட்டம். பொங்கல் கழிந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாட்கள் ஆனைமலைக்குச் செல்வதென முடிவாயிற்று. வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடப்பது, பறவைகளைப் பார்ப்பது, குறித்துக்கொள்வது. இருநோக்கிகள் இரண்டு, பெரிய லென்சுடன் புகைப்படக்கருவி ஒன்று, சாலிம் அலியின் பறவை நூல் ஒன்று, ஆளுக்கொரு குறிப்பேடு. ஒரு படையெடுப்புக்கான ஆயத்தம் போலத்தான் இருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச் சாவடியைக் கடந்து ஏறினால் டாப்ஸ்லிப். மேலே வெட்டப்பட்ட தேக்குமரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்கும் தண்டவாளக் கட்டைகளுக்குமாக இம்மலையின் தேக்கு கண்மூடித்தனமாக வெட்டப்பட்டது. மொட்டையாகிப் போன சரிவுகளில் மீண்டும் தேக்கை எழுப்பியவர் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி. நடக்கும் வழியெல்லாம் கைத்தடியால் குழி செய்து விதையிட்டுச் செல்வார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியவாறே, தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. நாங்கள் அங்கே நின்று நெகிழ்ந்தோம். வானுயர்ந்த மரங்கள், காலடியில் அகன்ற சருகுகள். காடு என்றால் இதுதான் என்று ஒரு நண்பர் கைகளை விரித்துச் சொன்னார்.

எங்கள் வழிகாட்டி காடர் குடியைச் சேர்ந்தவர். ஐம்பதைக் கடந்த, ஒல்லியான மனிதர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நண்பர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “இது நட்ட மரம் சார். காடு அப்பறந்தான் வரும்” என்றார்.

மறுநாள் விடியலில் காரியன் சோலைக்குள் நுழைந்தபோது அவர் சொன்னது புரிந்தது. ஒளி சட்டென்று குறைந்தது. ஈர மண்ணும் அழுகிய பழமும் கலந்த வாடை. ஒரு மரத்தைப் போல் இன்னொரு மரம் இல்லை. எங்கள் கண்கள் இலைகளுக்குள் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் எதையும் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அதோ குக்குறுவான், அது துடுப்புவால் கரிச்சான் வேறொரு பறவையின் குரலில் கத்துவது, ஓடைப்பக்கம் விசிலடிப்பது சீகாரப்பூங்குருவி. நாங்கள் குறித்துக்கொண்டோம். பத்து, பதினான்கு, பத்தொன்பது. எண்ணிக்கை கூடக்கூட எங்களுக்குள் ஒரு வெறி ஏறிற்று என்றுதான் சொல்லவேண்டும். முன்னால் குறித்ததைச் சரியாகப் பார்ப்பதற்குள் அடுத்ததைத் தேடினோம். தீக்காக்கை கண்ணில் படவில்லை என்றதும், எங்களில் ஒருவர் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த அதன் குரலை ஒலிக்கவிட்டார். வழிகாட்டி திரும்பி, “வேண்டாம் சார். தன் எடத்துல வேற ஒருத்தன் வந்துட்டான்னு நெனச்சு அது மேயறத விட்டுட்டு சண்டைக்கு வரும்” என்றார். கைப்பேசி பைக்குள் போயிற்று. ஆனால் உள்ளூர ஒரு சலிப்பு. பணம் கட்டி வந்திருக்கிறோம் அல்லவா.

எங்கள் முதன்மையான விருப்பம் இருவாட்சி. கேரளத்தார் மலமுழக்கி வேழாம்பல் என்று அழைத்துத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டாடுவது. அலகின்மேல் மஞ்சள் கவசம் தாங்கிய, ஒரு மீட்டர் நீளமுள்ள பேருடல். இதே பகுதியில் 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் அதன் இனப்பெருக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். அதன் இல்வாழ்க்கை விந்தையானது. பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தைக் கொண்டே வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையுமளவு ஒரு நெடிய பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளிருந்தபடியே இறகுகளை உதிர்த்து, முட்டைகளை ஏறக்குறைய நாற்பது நாட்கள் அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும்வரை வெளியே வருவதில்லை. அவ்வளவு காலமும் ஆண்பறவை அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் சேர்த்து வந்து, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து பிளவின் வழியே ஊட்டும். மரங்கொத்தியைப் போல இது தானே பொந்து குடைவதில்லை. இத்தனை பெரிய உடல் நுழையும் பொந்து மிக முதிர்ந்த மரங்களில்தான் அமையும். அதனாலேயே கிடைத்த பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. நேர்த்தியாக வளர்க்கப்பட்ட தேக்குத் தோட்டத்தில் அதற்குப் பொந்துமில்லை, அத்தியுமில்லை. முந்தைய நாள் நாங்கள் கைவிரித்து வியந்த மரங்களின் வேறொரு பக்கம் இது. உலக அளவில் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் இப்பறவை 2018இல் ஒரு படி மேலும் இடர்மிக்க நிலைக்கு நகர்த்தப்பட்டது.

கூடுள்ள மரத்தைக் காட்ட வழிகாட்டி முதலில் தயங்கினார். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் இசைந்தார். விழுந்துகிடந்த ஓர் அடிமரத்தின் பின்னால் எங்களை உட்காரவைத்து, இதைத் தாண்டக்கூடாது என்றார். அரைமணி நேரம் இருந்திருப்போம். அங்கிருந்து கிளைகள் மறைக்கின்றன என்று, படம் எடுக்கும் நண்பர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடிமரத்தைத் தாண்டினார். அவர் தாண்டியதும் நாங்களும் தாண்டினோம். அவர்மீது மட்டும் பழி போடுவதற்கில்லை.

அப்போதுதான் அந்த ஒலி கேட்டது. தொலைவில் பழைய நீராவி ரயில் மூச்சிரைத்து ஏறுவதைப் போன்ற சிறகொலி. ஆண்பறவை வந்து பக்கத்து மரத்தில் அமர்ந்தது. தொண்டை புடைத்திருந்தது. கிளை மாறி அமர்ந்தது. தலையைச் சாய்த்தது. கூட்டுக்கு வரவில்லை. நிமிடங்கள் கடந்தன.

“சார், அவன் நம்மளப் பாத்துட்டான். நாம இருக்கறவரைக்கும் கூட்டுகிட்ட வரமாட்டான். உள்ள இருக்கறது பசியோட இருக்கும்” என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இன்னும் பத்தே நிமிஷம்ணே. இவ்வளவு தூரம் வந்திருக்கோம்” என்றார் நண்பர்.

நாங்கள் மற்ற நால்வரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கும் வேண்டியிருந்தது. குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும், ஊட்டும் காட்சியைக் கண்டோம் என்று ஊர் திரும்பிச் சொல்லவேண்டும். வழிகாட்டி மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்து, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். யானைகள் உலவும் காட்டில் அவரில்லாமல் நிற்க எங்களுக்குத் துணிவில்லை. முக்காலியை மடக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். மனம் திருந்தி எழுந்தோம் என்று எழுத ஆசைதான். எழுந்தது அச்சத்தால் என்பதே உண்மை.

இருநூறு அடி நடந்திருப்போம். பின்னால் மறுபடி அந்தச் சிறகொலி. பிறகு அமைதி. வழிகாட்டி நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் மெல்ல இளகியது. “குடுக்கறான்” என்றார்.

அன்று மாலை தங்குமிடத்தின் படிக்கட்டில் அமர்ந்து தேநீர் குடித்தபடி அவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். தாத்தா காலத்தில் பொந்தேறிக் குஞ்சு எடுத்துச் சமைப்பார்கள் என்பதை மறைக்காமல் சொன்னார். தேனெடுக்கப் போன காலத்தில் கற்ற மரங்களைத்தான் இன்று காவலுக்காகச் சுற்றிவருகிறார். இன்று பார்த்த மரம் எவ்வளவு காலமாக அவருக்குத் தெரியும் என்று கேட்டோம். “நான் சின்னப் பையனா இருக்கறப்பவே அதுல கூடு உண்டு சார். அது சாஞ்சா வேற பொந்து தேடணும். லேசுல கெடைக்காது.”

காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். கேட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கூடுதலாகக் கொஞ்சம் பணமும் நீட்டினோம். பணத்தை அவர் வாங்கவில்லை. “நாளைக்கும் போய்ப் பாப்பேன், அவன் வந்து போறானான்னு” என்றவர் எழுந்துகொண்டே, “நீங்க வரவேண்டாம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

ஊர் திரும்பிய பின் நண்பர் படங்களை அனுப்பியிருந்தார். பெரும்பாலானவை இலைகள். ஒன்றில் மட்டும் இருவாட்சி தெளிவாக விழுந்திருந்தது. பழம் நிறைந்து புடைத்த தொண்டை, மஞ்சள் கவசம். இவ்வினத்தில் ஆணுக்குக் கருவிழிப் படலம் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறியது. அந்தச் சிவந்த கண் நேராகப் படக்கருவியையே நோக்கியிருந்தது. எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்று முதலில் வியந்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராக அமைதியானோம். வீட்டுக்குள் மனைவி பசித்திருக்க, தன் வாசலை மறித்து நிற்கும் அந்நியர்களைப் பார்க்கும் பார்வை அது. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை என்று நண்பர் தாமாகவே முடிவு செய்தார்.

அடுத்த மாதக் கூடுகையில் குறிஞ்சிப்பாட்டின் மீதத்தைப் படித்தோம். மலர்களின் பெயர்வரிசை மீண்டும் வந்தபோது, இம்முறை எங்களில் யாரும் எண்ணவில்லை. மார்ச் பிறந்துவிட்டிருந்தது. முட்டை பொரிந்திருக்கும் என்று நண்பர் சொன்னார்.