மாமி வீட்டுக் குசினி ஓடு

மன்னாரில் நாங்கள் கிறிஸ்மஸ் என்று சொல்வதில்லை, நத்தார் என்போம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மூர்வீதியில் எங்கள் கிடுகுவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தோலிக்க மாஸ்ரரின் வீடு. நத்தாருக்கு முதல் நாள் அவர் இரண்டு சேவல்களைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வருவார். உம்மாவின் வாப்பா பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பார். மறுநாள் பத்து மணியளவில் வேலிக்கு மேலால் தட்டு வரும். அந்தச் சேவலின் கறி, பயற்றம் பணியாரம், கொக்கிஸ், எங்களுக்கென்று வேறாகச் செய்த வைன் சேர்க்காத கேக். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று உம்மா ஒரு கை சீனி போட்டுக் கொடுப்பா. எங்கள் பெருநாளைக்கு வட்டிலப்பமும் தொதலும் அதே வேலியால் அந்தப் பக்கம் போகும்.

போய்வந்தவை தட்டுகள்தாம். நத்தாரன்று நாங்கள் யாரும் அவர்களுடைய மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை. பெருநாளன்று அவர்களும் எங்கள் பாயில் இருந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, வழக்கம் அப்படி. அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்தால் அன்று முழுவதும் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார்கள். பாலன் குடிலுக்கு முன்னால் விளக்கு எரியும், வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கும்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. மன்னாரில் கத்தோலிக்கக் குருமாரும் ஊர்ச்சனமும் எங்களுக்காகப் பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். எனக்கு அப்போது 13 வயது. கடற்கரைக்குப் போக வெளிக்கிட்டபோது மாமி வேலிக்கு மேலால் இரண்டு றாத்தல் பாண் நீட்டினா. ஒன்றும் பேசவில்லை. வாங்கிக்கொண்ட உம்மாவும் பேசவில்லை.

பிறகு பத்து வருடம் ஆலங்குடா. கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, வெங்காயத் தோட்டத்தில் கூலி. மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்த வாப்பா இங்கே மற்றவருடைய கருவாட்டைச் சிப்பம் கட்டினார்.

2000ஆம் ஆண்டு நத்தார் நோன்பு மாதத்தில் வந்தது. 1998இலும் 1999இலும் அப்படித்தான். அப்படி இன்னொரு நத்தார் வர 2031 ஆகும். அந்த டிசம்பரில் மாஸ்ரர் குடும்பம் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருந்தது. மகனைக் கனடாவுக்கு அனுப்பும் அலுவல். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததில் நத்தாருக்கு ஊர்போக வழியில்லாமல் போயிற்று. குடிலும் இல்லை, திறந்துவைக்கக் கதவும் இல்லை. மாமிதான் சொன்னாவாம்: "தலவிலுக்குப் போவம். அன்னம்மாள் கோயில்ல பூசை காணுவம். அங்கயிருந்து ஆலங்குடா பக்கம்தானே."

24ஆம் திகதி நள்ளிரவிலிருந்து புலிகள் ஒருதலையாக ஒரு மாதப் போர்நிறுத்தம் அறிவித்திருந்தார்கள். அதைப் பற்றி றேடியோவில் பேசிக்கொண்டிருந்த காலை அது, திங்கட்கிழமை. ஊரில் தட்டு வரும் அதே பத்து மணிக்கு அவர்கள் மூவரும் கொட்டில் வாசலில் நின்றார்கள். மாமி நன்றாக மெலிந்திருந்தா. உம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தா. பிறகு விலகி நின்று, "நோன்பு நேரத்தில வந்திட்டீங்களே அக்கா, நான் என்னத்தைத் தாறது?" என்று அழுதா.

அழுதபடியே அரிசி அளக்கப் போனவவை மாமி விடவில்லை. "நீங்க பட்டினி கிடக்க நாங்க இருந்து நத்தார்ச் சோறு தின்னுறதா? பாங்கு சொல்லட்டும்." மாஸ்ரருக்கு நீரிழிவு. அவருக்கு மட்டும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வற்புறுத்திக் கொடுத்தோம். மகனை வாப்பா தெருக்கடைக்குக் கூட்டிப்போனார். தாய் பசித்திருக்கத் தனக்கு வேண்டாமென்று அவன் திரும்பிவிட்டான்.

ஆக, எட்டு மணித்தியாலம் நடுவில் ஒரு தட்டும் இல்லாமல் இரண்டு குடும்பமும் முகத்துக்கு முகம் இருக்க வேண்டியதாயிற்று. செத்தவர், பிறந்தவர், கல்யாணம் கட்டியவர் எல்லோரையும் விசாரித்து லுஹர் தொழுகையோடு பேச்சு வற்றிவிட்டது. அஸருக்குப் பிறகு உம்மாவும் மாமியும் கட்லட்டுக்குக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கஞ்சி கிண்டினேன்.

"தங்கச்சி, ஒண்டு சொல்ல வேணும்" என்றா மாமி. "உங்கட வீட்டு ஓடு எங்கட குசினியில கிடக்கு."

நாங்கள் போன பிறகு முதலில் கதவு, யன்னல் போயிற்றாம். பிறகு வளை மரங்களில் கைவைத்தார்களாம். யார் என்று மாமி சொல்லவில்லை, உம்மாவும் கேட்கவில்லை. "ஆரோ கொண்டுபோறதுக்கு நாங்க எடுத்துவைப்பம் எண்டுதான் இவர் ஏறி இறக்கினவர். வேலியோரம் அடுக்கிக் கிடந்தது, ரெண்டு வரியம். பிறகு எங்கட ஓலை உக்கிப்போச்சு..." வசனத்தை முடிக்காமல் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தா. "விக்கேல்ல தங்கச்சி. ஒண்டுகூட விக்கேல்ல."

உம்மாவின் கை நின்றது. பத்து வருடமாக ஒவ்வொரு மாரிக்கும், கிடுகு ஒழுகும்போதெல்லாம், மூர்வீதி வீட்டு ஓட்டைப் பற்றியே பேசியவ அவ. வெளியே மாஸ்ரரோடு இருந்த வாப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், இருமினார். மாஸ்ரர் குனிந்த தலை நிமிரவில்லை.

"மழைக்கு ஒழுகுதா?" என்று உம்மா கேட்டா.

"இல்ல."

"பின்பக்கத்து ஓட்டில ரெண்டு வெடிப்பு இருந்திச்சே."

"அதை இவர் மாத்தினவர்."

"சரி."

அவ்வளவுதான். அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கரண்டியை என் கையிலிருந்து பறித்துத் தானே கிண்டினா. அன்றைக்குக் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்பு விழுந்துவிட்டது.

மஃரிபுக்கு எல்லோரும் ஒரே பாயில் இருந்தோம். மாமி சின்னதாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா, நாங்கள் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். உப்புக் கஞ்சியை யாரும் குறை சொல்லவில்லை. பிறகு மாமி துணிப்பையிலிருந்து கொழும்புக் கடைக் கேக் ஒன்றை எடுத்தா. "மூண்டு தரம் கேட்டனான், வைன் இல்லயாம்" என்றா. முதல் துண்டை உம்மாதான் வாயில் போட்டா.

நம்மவர் எழுத்தில் தமிழர், முஸ்லிம் உறவு என்றதும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' வந்து நிற்கும். அடுத்தது பண்டிகைத் தட்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளில் 250க்கும் மேற்பட்ட சனம் செத்த பிறகு இந்த வகைக் கட்டுரைகள் இன்னும் பெருகின. அந்த நேரத்து நெஞ்சிடியில் எழுதியவை, அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் தட்டு என்பது பேசாமல் இருப்பதற்கும் வசதியான சாமான். அந்த வேலி அப்படியே இருந்து, தட்டும் வருடாவருடம் வந்துகொண்டிருந்தால், மாமி அந்த ஓட்டுக் கதையைச் சொல்லியிருப்பா என்று நான் நினைக்கவில்லை. உம்மாவும் வெடிப்பைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டா. கேக்குக்கு நன்றி சொல்லிச் சீனி போட்டு அனுப்பியிருப்பா.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. அந்த வருடம் வாப்பா மன்னாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவர் மட்டும் நிற்கிறது, நடு அறையில் ஒரு வேம்பு முளைத்திருக்கிறது என்றார். உம்மா அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"மாஸ்ரர் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். விறாந்தையில இருக்கச் சொன்னாங்க. நான் குசினிக்குள்ள போய் இருந்தேன். நம்மட ஓட்டுக்குக் கீழ இருந்து தேத்தண்ணி குடிச்சேன்."

"அந்த வெடிச்ச ரெண்டையும் மாத்தித்தான் இரிக்கா? பாத்தீங்களா?"

"ரெண்டில்ல," என்றார் வாப்பா, "மூண்டு மாத்தியிரிக்கு."